அந்த மேட்டுக்கு நான் போகவில்லை

உக்ரைனில் 1932, 1933 ஆண்டுகளில் லட்சக்கணக்கான விவசாயிகள் பட்டினியால் செத்தார்கள் என்பதும், அந்தப் பட்டினி வானம் பொய்த்ததால் மட்டும் வந்ததல்ல என்பதும் எனக்கு 1990-லேயே தெரியும். தெரிந்துகொண்டே இல்லை என்று சொன்னேன். பெங்களூர் நீலசந்திராவில் என் பேச்சை நம்பி உட்கார்ந்திருந்த பையன்களிடம் சொன்னேன். பிறகு 2012-இல் கீவ் நகரத்துக்குப் போய், அந்தப் பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த ஒருவரின் மகளிடமே, அவர் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்ட மேசையில் உட்கார்ந்து சொன்னேன்.

அறியாமையால் செய்தது என்றால் எழுத வேண்டியதில்லை. தெரிந்தே செய்ததால் எழுதுகிறேன்.

நான் ஒரு பொதுத்துறை ஆலையில் டர்னராக வேலை பார்த்தவன். பெங்களூரின் பொதுத்துறைத் தொழிலாளர்கள் 1980 டிசம்பரில் தொடங்கி 77 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் இருந்தவன். வீட்டில் அடகு வைக்க ஒன்றும் மிச்சமில்லாத அந்த மாதங்களில் எங்களைக் கலையாமல் வைத்திருந்தது செங்கொடிதான். அதை இன்றும் மறுக்க மாட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நீலசந்திராவில் ஒரு டீக்கடை மாடியில் வகுப்பு எடுப்பேன். தகரக் கூரை. வெல்டர்கள், பெயிண்டர்கள், பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலைக்கு வந்த புத்தகங்கள்தான் எங்கள் பாடம்.

அக்கா மகன் கீவில் மருத்துவம் படித்தான். அக்காவுக்கு முழங்கால் வலி. விமானம் ஏற பயம். நான் ஓய்வு பெற்றிருந்தேன். "தம்பி, நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா, அவன் என்னத்தச் சாப்பிடறான்னே தெரியல" என்று ஊறுகாய், பருப்புப்பொடி, கம்பளிச் சட்டை எல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்பினாள். நவம்பர் குளிரில் போய் இறங்கினேன்.

தினிப்ரோ ஆற்றின் இடக்கரையில், சோவியத் காலத்து அடுக்குமாடி ஒன்றில், ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அவன் அறை எடுத்திருந்தான். வலக்கரையில் மேடு, பழைய கீவ் அந்த மேட்டின்மேல் இருக்கிறது. மெட்ரோ ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, 1051-இல் தோன்றிய குகை மடாலயத்தின் பொன் கும்மட்டங்கள் மரங்களுக்கு மேலே தெரியும். ஆற்றைத் தாண்டிய ரயில் மேட்டுக்குள் நுழைந்து அர்செனால்னா நிலையத்தில் நிற்கும். தரையிலிருந்து 105 மீட்டர் ஆழம். நகரும் படியில் நின்று மேலே வருவதற்குள் ஊர்க்கதை ஒன்றைப் பேசி முடித்துவிடலாம். 1960-இல் இதைக் கட்டினார்கள் என்று அக்கா மகனிடம் பெருமையோடு சொல்லிக்கொண்டு வந்தேன்.

நான் கீவைப் பார்த்த விதம் அப்படித்தான். பெருமைப்படக் கூடியது எல்லாம் சோவியத்தின் கணக்கில். மற்றவற்றின்மேல் கண் நிற்காது. புனித மிக்கேல் மடாலயத்துக்குப் போனோம். நீலச் சுவரும் பொன் கும்மட்டமுமாகப் பளபளவென்று புதிதாக இருந்தது. பழையது 1930-களில் இடிக்கப்பட்டு, 1990-களின் இறுதியில்தான் மறுபடி கட்டப்பட்டது. யார் இடித்தது, ஏன் என்று நான் கேட்கவில்லை. அதன் வாசல் பக்கத்திலேயே பஞ்சத்தில் செத்தவர்களுக்காக 1993-இல் வைத்த சிறிய நினைவுச் சின்னம் இருக்கிறது, தாயும் குழந்தையும். அக்கா மகன் அதைக் காட்டி, "மாமா, இது..." என்று ஆரம்பித்தான். "சரி வா, குளிருது" என்று நடந்தேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு என்மேல் பிரியம். சாயங்காலம் தேநீர் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். ஒருநாள், உங்கள் ஊரில் பஞ்சம் உண்டா என்று கேட்டார். நான் தாது வருஷப் பஞ்சத்தைச் சொன்னேன். வகுப்பில் பலமுறை சொன்ன கதை; உணர்ச்சியோடு சொல்லத் தெரியும்.

1876-இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் காய்ந்தன. மைசூரில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஊர் எரியும்போது, 1877 ஜனவரி 1-ஆம் தேதி, வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து தர்பார் நடத்தினான். பஞ்சத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலி வகுத்தான். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோ கூட இல்லை. அதை வாங்கிக்கொண்டு மண் சுமக்க வேண்டும். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்தக் கூலியில் மனிதன் உயிர் வாழ முடியாது என்று எழுதிச் சண்டை போட்டார். அதே காலத்தில் தானியம் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பாட்டி தன் தாயிடம் கேட்டதை எனக்குச் சொல்லியிருந்தாள்: கற்றாழைக் கிழங்கைத் தோண்டித் தின்றது, எறும்புப் புற்றைக் கிளறி அதற்குள் இருந்த தானியத்தைப் பொறுக்கியது, ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கஞ்சித்தொட்டியைத் தேடிப் பெங்களூர் தண்டு வரைக்கும் நடந்தது, வழியில் ஒரு பிள்ளையைப் புதைத்தது. அந்த நடையில் மிஞ்சியவர்களின் வம்சம் நான்.

அக்கா மகன் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தான். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். செர்காசி பக்கத்தில் ஒரு கிராமம். அவருடைய தாய் அப்போது சிறுமி. தானியம் வசூலிக்கும் கும்பல் இரும்புக் கம்பிகளோடு வந்து தரையையும் சுவரையும் அடுப்பையும் குத்திப் பார்த்தது. விதைக்கு வைத்திருந்ததையும் எடுத்துப் போனார்கள். பானையில் இருந்த பயறையும் கொட்டிக்கொண்டு போனார்கள். 1933 வசந்தத்தில் அந்தச் சிறுமியின் தம்பிகள் இருவரும் செத்தார்கள்.

"சனிக்கிழமை நினைவு நாள். ஆற்றங்கரை மேட்டில் நினைவிடம் இருக்கிறது. அங்கே புத்தகத்தில் செத்தவர்களின் பெயர்களை ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பிகள் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறது. நீங்களும் வாருங்கள்" என்றார்.

தாது வருஷத்தைப் பற்றி நான் பேசியதால்தான் கூப்பிட்டார். என்னைப் புரிந்துகொள்ளக் கூடியவன் என்று நினைத்தார்.

நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். "அது மோசமான விளைச்சல். பணக்கார விவசாயிகள் தானியத்தை ஒளித்து வைத்தார்கள். மற்றதெல்லாம் ஹிட்லரும் அமெரிக்கப் பத்திரிகை முதலாளிகளும் கிளப்பிவிட்ட பிரச்சாரம்."

அக்கா மகன் மொழிபெயர்க்கவில்லை. "மாமா, வேணாம்" என்றான்.

"சொல்லுடா. நான் சொன்னத அப்படியே சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பாதியைத்தான் சொன்னேன் மாமா என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னான். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. அந்த அம்மா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "உங்கள் பாட்டி சொன்னதை நான் நம்பினேனே" என்றார்.

2012 நவம்பர் 24, சனிக்கிழமை. அந்த அம்மாவும் அக்கா மகனும் மெழுகுவர்த்தியும் கோதுமைக் கதிரும் எடுத்துக்கொண்டு நினைவிடத்துக்குப் போனார்கள். அவன் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனான். நான் தனியாக மெட்ரோவில் ஏறி, அதே அர்செனால்னாவைக் கடந்து, கிரெஷ்சாதிக் வீதிக்குப் போனேன். வீதி முடியும் இடத்தில், பெசராப்ஸ்கா சந்தைக்கு எதிரே, 1946-இல் வைத்த லெனின் சிலை நின்றது. 2009-இல் யாரோ மூக்கையும் கையையும் உடைத்து, பிறகு சரிசெய்திருந்தார்கள். வழிப்போக்கர் ஒருவரிடம் கேமராவைக் கொடுத்து அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டேன். நாலு மணிக்கே அங்கே இருட்டிவிடும். திரும்பி வரும்போது அடுக்குமாடிகளின் ஜன்னல்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. செத்தவர்களுக்காக ஜன்னலில் விளக்கு வைப்பது அந்த நாளின் வழக்கம். அவற்றை எண்ணிவிடக் கூடாது என்று தரையைப் பார்த்து நடந்தேன்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நீலசந்திரா வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். 2013 டிசம்பர் 8-ஆம் தேதி கூட்டம் அந்தச் சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தது. அன்று இரவே அக்கா மகனுக்குப் போன் போட்டேன். சிலை என்ன ஆயிற்று, துண்டுகளை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். அவன் குடியிருந்த வீட்டு அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

இனி 1990-க்கு வருகிறேன், ஏனென்றால் மூலம் அங்கேதான்.

அந்தப் பஞ்சத்தைப் பற்றி ராபர்ட் கான்குவெஸ்ட் 1986-இல் எழுதிய புத்தகத்தைத் தள்ளிவைப்பது எங்களுக்கு எளிது; அவர் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் பிரச்சாரப் பிரிவில் இருந்தவர். அமெரிக்காவின் ஹியர்ஸ்ட் பத்திரிகைகள் 1935-இல் வெளியிட்ட பஞ்சப் படங்கள் சில போலி என்பதும் உண்மை. அந்தப் போலியைப் பிடித்துக்கொண்டு முழுப் பஞ்சத்தையும் போலி என்று பேசினோம். ஆனால் 1987 டிசம்பரில் உக்ரைன் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் ஷெர்பித்ஸ்கியே பஞ்சம் நடந்தது என்று மேடையில் சொன்னார். 1990 ஜனவரியில் அந்தக் கட்சியின் மத்தியக் குழுவே தீர்மானம் போட்டு, ஆவணங்களைத் தொகுத்து வெளியிட முடிவெடுத்தது. இவை எதிரி சொன்னவை அல்ல. எங்கள் பக்கம் சொன்னவை. நான் படித்தேன்.

படித்தபோது என்னை உலுக்கியவை சில உண்டு. 1932 ஆகஸ்ட் 7-ஆம் தேதிச் சட்டம்: கூட்டுப்பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலும் திருட்டு, மரண தண்டனை, இல்லையேல் 10 ஆண்டு சிறை. தானிய ஒதுக்கீட்டைக் கொடுக்க முடியாத கிராமங்களின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் எழுதி, அங்கே உப்பும் தீப்பெட்டியும்கூட விற்காமல் நிறுத்தினார்கள். 1933 ஜனவரி 22-ஆம் தேதி ஸ்டாலினும் மொலோடோவும் கையெழுத்திட்ட உத்தரவு, உக்ரைனிலிருந்தும் குபானிலிருந்தும் விவசாயிகள் வெளியேறக் கூடாது என்றது. உணவு தேடிக் கிளம்பியவர்களை ரயில் நிலையங்களில் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டுகளிலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. உக்ரைனில் மட்டும் செத்தவர்கள் 35 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை இருக்கும் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கசக்ஸ்தானில் இன்னும் சுமார் 15 லட்சம். 1937-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஆட்கள் குறைந்தது தெரிந்ததும், கணக்கை மறைத்து, எடுத்த அதிகாரிகளைக் கைது செய்தார்கள். இதை இனப்படுகொலை என்று சொல்லலாமா என்பதில் வரலாற்றாசிரியர்களிடம் வாதம் உண்டு. தானியத்தை வழித்தெடுத்து வழியையும் அடைத்தார்கள் என்பதில் வாதமில்லை.

ஜனவரி 22 உத்தரவுதான் என்னால் தாண்ட முடியாதது. எங்கள் பாட்டியின் தாய் பிழைத்தது நடந்ததால். டெம்பிள் கொடூரன், ஆனால் ஆற்காட்டிலிருந்து பெங்களூர் வரும் பாதையில் யாரும் அவளைப் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. செர்காசிச் சிறுமியின் வீட்டுக்காரர்களும் நடந்திருப்பார்கள். நடக்க விடவில்லை. இதை 1990-இல் நினைத்தேன், நினைத்த அன்றே மூடி வைத்தேன்.

ஏன்? அந்த ஆண்டுகளில் கிழக்கு ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடாக விழுந்துகொண்டிருந்தது. வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். இதையும் சொன்னால் மிச்சமிருப்பவர்களும் போய்விடுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி இது: அந்தத் தகரக் கூரையின் கீழ் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அந்த இடத்தை விட எனக்கு மனமில்லை. ஆலையில் நான் ஒரு டர்னர். மாடியில் தோழர்கள் எழுந்து நிற்பார்கள்.

ஆனைப்பாளையத்திலிருந்து வரும் வெல்டர் பையன் ஒருவன், பத்தொன்பது வயது இருக்கும், எங்கேயோ படித்துவிட்டு வந்து கேட்டான்: "தோழர், உக்ரைன்ல பஞ்சத்துல நெறைய பேர் செத்தாங்களாமே, அங்க நம்ம ஆட்சிதானே?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். எல்லோர் முன்னிலையிலும் அவனிடம், பிற்பாடு கீவில் சொன்ன அதே பதிலைச் சொல்லி, "யார் கொடுத்த பேப்பரைப் படிச்சுட்டு வர்றே?" என்று மிரட்டவும் செய்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிட்டான்.

வங்கப் பஞ்சத்தில் 1943-இல் சுமார் 30 லட்சம் பேர் செத்தபோது, இடதுசாரிகள்தான் கிராமம் கிராமமாகப் போனார்கள். சித்தபிரசாத் எலும்பும் தோலுமான மனிதர்களை வரைந்து 'பசித்த வங்கம்' என்று வெளியிட்டதை வெள்ளையன் கைப்பற்றிக் கொளுத்தினான். சுனில் ஜானா படம் பிடித்தார். அந்த மரபில் வந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் 1933 மார்ச்சில் உக்ரைன் கிராமங்களுக்குள் நடந்தே போய்ப் பார்த்து எழுதிய கேரத் ஜோன்ஸின் பக்கம் நான் நிற்கவில்லை. நம் ஆலுவாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்துவிட்டு மாஸ்கோ போய், பஞ்சத்தை எழுதிய மால்கம் மக்கரிட்ஜின் பக்கமும் இல்லை. பட்டினியே இல்லை என்று மாஸ்கோவில் உட்கார்ந்து நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய டுராண்டியின் பக்கம் நின்றேன்.

1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்களைத் தாக்கிய காவிரிக் கலவரத்தின்போது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். அது முடிந்து ஷிப்டுக்குப் போனபோது, உடன் வேலை செய்தவர் ஒருவர், "அப்படி ஒண்ணும் பெரிசா நடக்கலையே" என்றார். பல ஆண்டுகள் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசியதில்லை. கீவில் அந்த அம்மாவோ, நான் அப்படிச் சொன்ன மறுநாள் காலையிலும் எனக்குச் சூப்பும் ரொட்டியும் வைத்தார்.

2022 பிப்ரவரியில் உக்ரைன்மேல் ரஷ்யாவின் குண்டு விழத் தொடங்கியபோது அக்கா மகன் படிப்பு முடித்துத் திரும்பி, இங்கே மருத்துவமனை வேலையில் இருந்தான். ஆபரேஷன் கங்கா விமானங்களில் பிள்ளைகள் திரும்புவதை டிவியில் பார்த்தோம். ஹாவேரி மாவட்டத்துப் பையன் ஒருவன் மார்ச் 1-ஆம் தேதி கார்கிவில், சாப்பாட்டுச் சாமான் வாங்க வெளியே போன இடத்தில் கொல்லப்பட்டான். அன்று அக்கா மகன் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கீவுக்குப் போன் போட்டான். அந்த அம்மா ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவனுக்குப் பின்னால் சுவரில் என் லெனின் படம். பேசி முடித்ததும் அவன், "உங்களக் கேட்டாங்க மாமா. நல்லா இருக்காரான்னு" என்றான்.

மறுநாள் படத்தைக் கழற்றினேன். லெனினை வெறுத்து அல்ல; அந்தப் படம் எடுத்த நாளைத் தாங்க முடியாமல்.

பிறகு செய்ய முடிந்ததைச் செய்தேன். பழைய தோழர்களில் உயிரோடு இருப்பவர்களைக் கூட்டி, 1990-இல் எனக்குத் தெரிந்திருந்ததையும் மறைத்ததையும் சொன்னேன். ஒருவர் பாதியில் எழுந்து போனார். இன்னொருவர், "எனக்கும் தெரியும், நீ சொல்லலைன்னு நானும் சொல்லல" என்றார். ஆனைப்பாளையத்து வெல்டருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. சொந்தமாக கிரில் கேட் பட்டறை வைத்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். நீங்கள் கேட்டது சரி, நான் சொன்னது பொய் என்றேன். அவர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அதுக்கப்புறம் நான் எவனயும் எதுவும் கேக்கறதில்ல தோழர்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கடிதம் எழுதி அக்கா மகனிடம் கொடுத்தேன், மொழிபெயர்த்து அனுப்பு என்று. அவன் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "அன்னைக்கு என் வாயால சொல்ல வெச்சீங்க மாமா. இத நீங்க அவங்க மொகத்தப் பாத்து சொல்லுங்க. நான் வீடியோ போட்டுத் தர்றேன்" என்றான். நியாயம்தான். அதற்குப் பிறகு நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அங்கே 2022 அக்டோபரிலிருந்து மின்நிலையங்களைக் குறிவைத்து அடிக்கிறார்கள், லிப்ட் ஓடாது, போன் கிடைக்காது என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் எனக்குக் கிடைத்துவிடுகிறது. கரண்ட் இருந்த நாட்களும் உண்டு. அன்றும் போடவில்லை. இதைத் தமிழில் எழுதிவிட்டேன். அவருக்குப் படிக்க முடியாத மொழியில் எழுதுவது எனக்கு எளிதாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. எனக்கும் அதிக காலமில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வருகிறான், போன் போடச் சொல்லியிருக்கிறேன். தம்பிகள் இருவரின் பெயரையும் முதலில் கேட்கப் போகிறேன். அன்று அந்தப் பெயர்களை அவர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.